எழும்பாத இடம்

மயக்க ஊசி வேண்டாம் என்று மூன்றாவது தடவையாகச் சொல்லியாகிவிட்டது. புஷ்பம் சிஸ்டர் என் புறங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவிச் சரிசெய்தபடி, "வலிக்கும் டீச்சர். பெரிய மீசை வச்ச ஆம்பளையே பாதியில அம்மாவக் கூப்பிடுவாவ," என்கிறார். கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகிறேன். இருபத்தெட்டு வருஷம் பெண்கள் பள்ளி மைதானத்தில் வெயிலில் நின்று கத்தின தொண்டை இது, இன்னும் அரைமணி நேரம் கத்தினால் ஒன்றும் தேய்ந்துவிடாது. "அந்தத் திரைய மட்டும் எனக்குத் தெரியுத மாதிரி திருப்பி வையுங்க சிஸ்டர்." கையுறை மாட்டிக்கொண்டிருந்த டாக்டர் சையது திரும்பிப் பார்க்கிறார். "முழுசாப் பாக்கப் போறீங்களா?" "ஆமா டாக்டர். என் வயிறுதான." அவர் சிரித்துவிட்டுத் திரையைத் தானே திருப்பி வைக்கிறார். குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கிற சோதனைக்காக இடது பக்கமாக ஒருக்களித்து, முழங்கால்களை நெஞ்சுக்கு இழுத்து, பின்னால் திறந்து கிடக்கிற நீல அங்கியோடு படுத்திருக்கிறேன். ஏசிக் காற்று நேராக முதுகில் விழுகிறது. ஐம்பத்து நாலு வயதில் இப்படி முதுகைத் திறந்து காட்டிக்கொண்டு கிடப்பதில் வெட்கம் இல்லையா என்றால் இருக்கிறது. ஆனால் போன வருஷம் வெட்கம் தெரியாமல் தூங்கினதால் என்ன லாபம் கிடைத்தது என்று யோசித்தால் இந்த வெட்கமே பரவாயில்லை.

போன வருஷம் ஊசி போட்டார்கள், ஒன்று இரண்டு எண்ணினேன், மூன்றைக் காணோம். கண் திறந்தபோது இவர்தான் எதிரே நின்றார், என் வீட்டுக்காரர், திரவியம், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கம்பத்தில் ஏறி நிற்கிற நேரம் தவிர வேறெப்போதும் சிரிக்காதவர். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "ஒண்ணுமில்ல ஆவுடை, சின்னதா ஒரு மரு மாதிரி இருந்துச்சாம், அறுத்து எடுத்துட்டாவ." பிறகு பத்து நாள் கழித்து அந்த மருவைச் சோதித்த ரிப்போர்ட் வந்தது. வாங்கி வந்தவர் இவர். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார் வைத்தார். காப்பிகூடப் போடத் தெரியாதவர், நான் வாயில் வைத்ததும் உப்பு சரியா, புளி சரியா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓசூரிலிருந்து மகன் தினமும் போன் பண்ணினான். வாரத்துக்கொரு தடவை பேசுகிறவன். மருமகளின் அம்மா, கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் இரண்டு வார்த்தை பேசாதவள், "உடம்பப் பாத்துக்கிடுங்க சம்பந்தி," என்றாள். நாலு நாள். நாலாவது நாள் பீரோ மேல் போர்வைக்கு அடியில் கவரைப் பார்த்தேன். திசுக்களில் தீவிர மாற்றம், இன்னும் புற்றாகவில்லை, முழுதாக எடுக்கப்பட்டது, ஒரு வருஷத்தில் மறுபடி பார்க்கவும். ஊருக்கெல்லாம் தெரிந்த என் குடலை எனக்கு மட்டும் தெரியாமல் வைத்திருந்தார்கள். "உனக்காகத்தான் சொல்லல," என்றார் இவர். கோபம் இல்லை, கோபத்தைவிட மோசமான ஒன்று, நான் அந்த வீட்டில் இருந்துகொண்டே இல்லாமல் போனமாதிரி. அப்போதே முடிவு பண்ணினேன், அடுத்த தடவை நான் முழித்திருப்பேன்.

"லேசா அழுத்தம் தெரியும்," என்கிறார் டாக்டர். தெரிகிறது. லேசா என்ற சொல்லை டாக்டர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்களோ. திரையில் ஈரமான ரோஸ் நிறத்தில் ஒரு குகை விரிகிறது, சுற்றிலும் வளையம் வளையமாக மடிப்பு, மெல்லிய சிவப்பு நரம்புகள், வெளிச்சம் பட்டு மினுங்குகிறது. வாயைத் திறந்து கண்ணாடியில் மேல் அண்ணத்தைப் பார்த்தால் இருக்குமே, அந்த நிறம். அசிங்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. இத்தனை வருஷம் கேப்பைக் கூழையும் கருவாட்டையும் பள்ளிக்கூட டீக்கடை வடையையும் தள்ளிக்கொண்டிருந்த இடம் இவ்வளவு சுத்தமாக, இளசாக இருக்கிறது. பிறகு ஒரு வளைவு. வயிற்றுக்குள் யாரோ கயிறு சுற்றி இழுக்கிறமாதிரி வலி வருகிறது, பல்லைக் கடிக்கிறேன், சிஸ்டர் இரண்டு கையாலும் என் அடிவயிற்றை அமுக்குகிறார். "மூச்ச விடுங்க டீச்சர், மூச்ச விடுங்க." நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, வலி வந்தால் மூச்சைப் பிடிக்காதே, எண்ணு. எட்டு எண்ணுவதற்குள் வளைவு கடந்துவிடுகிறது. "இந்தா பாருங்க," என்று டாக்டர் நிறுத்துகிறார். "போன வருசம் எடுத்த இடம்." வெளிறின ஒரு தழும்பு, அம்மை குத்தின தழும்புமாதிரி, சுற்றிலும் தோல் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. "மறுபடி வளரல. சுத்தமா இருக்கு." மூச்சு தானாகவே வெளியே வருகிறது. இதற்காகத்தானே ஒரு வருஷமாக ராத்தூக்கத்தில் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதானா. இவ்வளவுதான்போல.

சுத்தமா இருக்கு என்று அவர் சொன்னதும் வேறொன்று உறுத்துகிறது. போன வருஷம் சுத்தமாக இல்லை. குடலைக் கழுவ ஒரு பொடி கொடுத்து இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். அன்றைக்கு மண்டல அளவிலான கபடிப் போட்டி, என் பிள்ளைகள் அரையிறுதிக்கு வந்திருந்தார்கள், பதினாலு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. கழிப்பறையைத் தேடிக்கொண்டு மைதான ஓரத்தில் எப்படி நிற்பது. பாதியைக் குடித்தேன். மீதியை அடுப்படித் தொட்டியில் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் "முழுசும் குடிச்சீங்களா?" என்று கேட்டதற்குத் தலையாட்டினேன். என்னிடம் நாலு நாள் மறைத்த மனுஷர்மேல் ஒரு வருஷமாக முகம் கொடுக்காமல் இருக்கிறேன், நான் மட்டும் என்ன. இந்தத் தடவை இரண்டு லிட்டரையும் குடித்தேன், கடைசிச் சொட்டு வரைக்கும், குமட்டக் குமட்ட. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது, இங்கேயே, இப்படிக் கிடந்தபடியே. "டாக்டர், போன வருசம் நான் பாதிதான் குடிச்சேன். பொய் சொல்லிட்டேன்." அவர் கண் திரையிலேயே இருக்கிறது. "தெரியும்மா. உள்ள பாத்தா தெரியாதா? வலது பக்கம் சரியாவே தெரியல. ரிப்போர்ட்டுல எழுதியிருந்தேன். அதுனாலதான் ஒரு வருசத்துலயே வந்துரணும்னு கண்டிப்பாச் சொன்னேன்." புஷ்பம் சிஸ்டர் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். எனக்குக் காது சுடுகிறது. குடல் பொய் சொல்லாது, அவ்வளவுதான்.

அப்பாவின் குடலும் பொய் சொல்லவில்லை, அப்பாதான் சொன்னார். எனக்கு அப்போது பதினேழு வயது, அப்பா சங்கரன்கோவில் வழித்தடத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலை டியூட்டிக்குப் போகும் முன்னால் அவர் வெளியே வந்ததும் நான் கழிப்பறைக்குள் போனேன், தண்ணீர் சரியாக ஊற்றாமல் வந்திருந்தார். ரத்தம். கொஞ்சம் இல்லை. வெளியே வந்து பார்த்தால் காக்கிச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏட்டி ஆவுடை, மூலந்தான். அம்மாட்ட சொல்லாத, அவ பயந்துருவா." நான் சொல்லவில்லை. நல்ல பிள்ளை என்று பெயர். ஏழு மாசம் நல்ல பிள்ளையாக இருந்தேன். சோறு பாதியில் வைத்தார், பார்த்தேன். பெல்ட்டில் புது ஓட்டை போட்டார், பார்த்தேன். ஓட்டுகிற சீட்டில் மடித்துப்போட்ட பழைய வேட்டித் துணி, அதை அவரே துவைத்தார், அதையும் பார்த்தேன். கடைசியில் பெரியாஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்தார்கள். ஐம்பத்தாறு வயதில் போய்விட்டார். அம்மா மார்பில் அடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா, ஒரு வார்த்த," என்று கதறியபோது நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பி ஐயம்பெருமாளுக்குப் பத்து வயது, என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தேழு வருஷம் சொல்லவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள், அந்த ஒரு வார்த்தை யாரிடம் இருந்தது என்று தெரியாமலே.

"மல்லாந்து படுங்க." திரும்புகிறேன். குழாய் இன்னும் உள்ளே போகிறது, வலி இப்போது மந்தமாக, வயிறு ஊதின பந்துமாதிரி. "பெருங்குடலோட கடைசி வந்தாச்சு. இதான் குடல்வால் ஆரம்பிக்கிற வாய்." ஒரு சின்னப் பள்ளம், தொப்புள்மாதிரி. அதுவும் நன்றாக இருக்கிறது. இனிமேல் மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே பார்ப்பார், பார்க்கிறதெல்லாம் வருகிற வழியில்தானாம். டாக்டர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், என் பள்ளியில்தான் அவர் அக்கா மகள் படிக்கிறாளாம், எட்டாம் வகுப்பு, ஓடவே மாட்டேனென்கிறாளாம். "அனுப்பி வையுங்க, நான் ஓட வைக்கேன்," என்கிறேன். மடிப்பு, மடிப்பு, மடிப்பு. வெளியே போனதும் முதலில் காப்பி. அப்புறம் இவரிடம் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேச வேண்டும், ஒரு வருஷம் போதும், மனுஷன் பாவம். அடுத்த வாரம் புது அணிக்குப் பிள்ளைகளை எடுக்கவேண்டும், அந்த ஒன்பதாம் வகுப்பு உயரக்காரி. டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டார். நான் முதலில் கவனித்தது திரையை அல்ல, அந்த மௌனத்தை. ஓடுகிறேன் என்று சொன்ன பிள்ளை பாதியில் நின்றால் முதலில் காலடிச் சத்தம்தானே நிற்கும். குழாய் நிற்கிறது, கொஞ்சம் பின்னால் போகிறது, ஒரு மடிப்பை மெல்ல அமுக்கிப் புரட்டுகிறது. மடிப்புக்குப் பின்னால், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, பாய் விரித்தமாதிரி ஒன்று. மரு இல்லை. மருவுக்குத் தலை இருக்கும். இதற்குத் தலை இல்லை, தண்டு இல்லை, படர்ந்து கிடக்கிறது, மற்ற இடத்தில் ஓடுகிற நரம்புக்கோடுகள் அங்கே வந்ததும் அழிந்துபோகின்றன. பழைய இடம் ஒரு பக்கம், இது வயிற்றின் மறுபக்கம். ஒரு வருஷமாக நான் தடவிக்கொண்டிருந்தது தப்பான பக்கம்.

"என்ன டாக்டர் அது?" "கொஞ்சம் பொறுங்க, நல்லாப் பாத்துக்கிடுதேன்." சிஸ்டர் கேட்காமலே வேறு ஏதோ எடுத்துக் கொடுக்கிறார். நீல நிறத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், அதன் ஓரம் தெளிவாகத் தெரிகிறது, ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிது. "இதுக்கு அடியில உப்புத் தண்ணி ஏத்துவேன். சும்மா மேலாப்ல இருந்தா அப்படியே எழும்பும், எழும்பினா இங்கயே வெட்டி எடுத்துரலாம்." ஒரு மெல்லிய ஊசி வருகிறது, குத்துகிறது, எனக்கு எதுவும் தெரியவில்லை, அதுதான் விசித்திரம், என் உடம்பில் குத்துவதை நான் கண்ணால் மட்டும் பார்க்கிறேன். ஓரம் எழும்புகிறது. எண்ணெயில் பூரி உப்புகிறமாதிரி பளபளவென்று எழும்புகிறது. எழும்பு, எழும்பு, என்று உள்ளே சொல்கிறேன், கபடி பாடிக்கொண்டு போன பிள்ளை கோட்டைத் தொடக் கை நீட்டும்போது சொல்வேனே அப்படி. இன்னொரு பக்கம் குத்துகிறார், அந்தப் பக்கமும் எழும்புகிறது. நடு எழும்பவில்லை. சுற்றிலும் மேடாகி நடு மட்டும் பள்ளமாக, கீழே இருந்து எதுவோ பிடித்து வைத்திருக்கிறமாதிரி. இன்னொரு தடவை. இல்லை. அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வேர் விட்டிருக்கிறது. சிஸ்டர் என் தோளில் கை வைக்கிறார், அவர் கை சூடாக இருக்கிறது. முழித்திருக்கவேண்டும் என்று கேட்டவள் நான்தான். கண்ணை மூடலாமே என்று ஒரு நொடி. மூடவில்லை. சின்ன இடுக்கி ஒன்று வந்து சோதனைக்கு ஆறு இடத்தில் கிள்ளி எடுக்கிறது, எண்ணினேன், ஆறு. பிறகு பக்கத்தில் மையால் அடையாளம் வைக்கிறார், கறுப்பாகப் பரவுகிறது. "இது எதுக்கு?" "ஆப்ரேசன் பண்ணுதவங்களுக்கு இடம் தெரியணும்லா," என்று சொல்லிவிட்டு, சொன்னதை அவரே அப்போதுதான் கேட்டமாதிரி நிறுத்துகிறார்.

குழாய் வெளியே வந்துவிட்டது. சிஸ்டர் துடைத்துவிட்டு அங்கியை இழுத்து மூடுகிறார். டாக்டர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போடுகிறார். "கூட யாரு வந்திருக்காங்க? வீட்டுக்காரரா? சிஸ்டர், அவரக் கொஞ்சம் என் ரூமுக்கு…" எழுந்து உட்காருகிறேன். தலை சுற்றுகிறது, கட்டில் விளிம்பைப் பிடிக்கிறேன். "அவர அப்புறம் கூப்பிடலாம் டாக்டர். எங்கிட்ட சொல்லுங்க. நான்தான் எல்லாத்தையும் பாத்தேன், அவர் ஒண்ணும் பாக்கல." அவர் சிஸ்டரைப் பார்க்கிறார், பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்காருகிறார். உட்கார்ந்தது நல்லது. நின்றபடி சொல்லியிருந்தால் நான் வெறுத்திருப்பேன். "ரிப்போர்ட் வரட்டும், அதுக்கு முன்னால உறுதியாச் சொல்லக்கூடாது. ஆனா நடுவுல எழும்பாததால கேன்சரா இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேன் எடுக்கணும். வேற எங்கயும் பரவலன்னா, வலதுபக்கக் குடல்ல ஒரு பகுதிய எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேத்துத் தச்சிருவாங்க. நிறையப் பேரு அதோட நல்லா ஆயிருதாங்க." "நான் போன வருசம் முழுசாக் குடிச்சிருந்தா?" அவர் சும்மா ஆறுதல் சொல்லிவிடவில்லை, அதற்காகவே அவர்மேல் மரியாதை வந்தது. "தெரிஞ்சிருக்கலாம். தெரியாமயும் போயிருக்கலாம், அது மடிப்புக்குப் பின்னால இருக்கு. இப்ப தெரிஞ்சிருச்சு. அதுல இருந்து ஆரம்பிப்போம்." பிறகு கேட்டார், "உங்க வீட்டுல யாருக்காவது இருந்திருக்கா?" "அப்பாவுக்கு." "கூடப் பொறந்தவங்க?" "ஒரு தம்பி. நாப்பத்தேழு." "அவரும் இத செஞ்சுக்கணும். தள்ளிப்போடக் கூடாது."

வெளியே கட்டிலில் படுக்க வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்திருக்கிறார்கள். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ குறட்டை விடுகிறார்கள், மயக்கம் தெளியாதவர், கொடுத்து வைத்தவர். பயம் இப்போதுதான் வருகிறது, உள்ளே இருந்தபோது அதற்கு இடமில்லை. வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிடுவார்களோ. பரவியிருக்குமோ. போட்டி முக்கியம் என்று தொட்டியில் கொட்டினேனே, அந்த அரையிறுதியில் இரண்டு புள்ளியில் தோற்றோம், அதுகூட ஜெயிக்கவில்லை. ஒரு வருஷம். ஒரு வருஷத்தில் அது எவ்வளவு பெரிதாகியிருக்கும், ஒரு உளுந்து, ஒரு மொச்சை, யாருக்குத் தெரியும். இந்தக் கேள்வி செக்கு மாடாய்ச் சுற்றிக்கொண்டே இருக்கப்போகிறது, தெரிகிறது, அதை நிறுத்த என்னால் முடியாது. சுற்றட்டும். சுற்றுகிற மாட்டைப் பார்த்துக்கொண்டே மற்ற வேலையைச் செய்ய முடியும். அப்பா ஏழு மாசம் பஸ் ஓட்டினார். நான் ஏழு நாள்கூடத் தள்ளமாட்டேன். டீயைக் குடித்தேன், சர்க்கரை அதிகம், ஒரே மூச்சில் குடித்தேன்.

இவர் திரையை விலக்கிக்கொண்டு வருகிறார். கையில் என் செருப்பு, பை, தண்ணீர்ப் பாட்டில், எல்லாவற்றையும் ஒரே கையில் பிடித்திருக்கிறார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகம். "என்ன சொன்னாவ ஆவுடை?" அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருக்கிறது. நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார், ரிப்போர்ட் வரட்டுமே, பத்து நாள்தானே. இப்போது புரிகிறது, அந்த நாலு நாளும் இவர் சாம்பாரைக் கிண்டிக்கொண்டு எப்படி நின்றிருப்பார் என்று. அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "பழைய இடம் நல்லாருக்கு. வலது பக்கம் புதுசா ஒண்ணு இருக்கு. கேன்சராத்தான் இருக்கும்னு நெனைக்காவ. ஸ்கேன் எடுக்கணும், ஆப்ரேசன் பண்ணணும். போன வருசம் அந்த மருந்த நான் பாதிதான் குடிச்சேன், மீதியக் கொட்டிட்டேன், உங்கட்ட சொல்லல. எல்லாம் சொல்லியாச்சு, இனி எங்கிட்ட ஒண்ணும் பாக்கி இல்ல." செருப்பு ஒன்று கீழே விழுந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்தார், முகத்தைத் துண்டில் வைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதார், முப்பது வருஷத்தில் நான் பார்த்திராத அழுகை. முதுகைத் தடவினேன். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல என்ன செய்யணும் சொல்லு," என்றார். "மொதல்ல என் போன எடுங்க."

ஐயம்பெருமாள் தென்காசியில் கடையில் இருந்தான், பின்னால் இரும்பு தட்டுகிற சத்தம். "என்னக்கா, இந்நேரத்துல?" சொன்னேன். என்னுடையதை முதலில், சுருக்கமாக. அவன் பதறி, "நான் இப்பமே கெளம்பி வாறேன்," என்றான். "வா. ஆனா எனக்காக இல்ல. நீயும் அந்தக் குழாயப் போட்டுப் பாக்கணும்." "எனக்கு ஒண்ணுமில்லயேக்கா. நல்லாத்தான இருக்கேன்." "எனக்கும் ஒண்ணுமில்ல. வலி இல்ல, ரத்தம் இல்ல, முந்தாநாள் வரைக்கும் மைதானத்துல ஓடிக்கிட்டுதான் இருந்தேன்." "பாப்போம்க்கா, இந்த மாசம் கடையில…" இப்போதுதான். இதற்குமேல் தள்ளினால் இன்னொரு முப்பத்தேழு வருஷம். "ஏல, கேளு. அப்பாவுக்கு ரத்தம் போனது எனக்குத் தெரியும். நான் பாத்தேன். அம்மாட்ட சொல்லாதன்னு சொன்னாவ, நான் சொல்லல. ஏழு மாசம். நான் சொல்லியிருந்தா அவிய பொழச்சிருப்பாவளோ என்னவோ. அம்மாவுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இப்ப சொல்லுதேன்." இரும்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது, கடையை விட்டுத் தெருவுக்கு வந்திருப்பான்போல, ஒரு லாரி போகிற சத்தம். திட்டுவான், போனை வைப்பான், ரெண்டுக்கும் தயாராக இருந்தேன். திரவியம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவருக்கும் இது புதுசு. பிறகு ஐயம்பெருமாளின் குரல், "பதினேழு வயசுப் பிள்ளகிட்டயாக்கா போயி அதச் சொல்லி வச்சாவ?" என்றது. அவன் என்னைக் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்டான். அந்த இடத்தில்தான் எனக்குக் கண் நிறைந்தது, அதுவரைக்கும் இல்லை. ஆனால் அழுதுவிட்டால் அவன் சமாதானம் சொல்ல ஆரம்பிப்பான், பேச்சு மாறிவிடும், அவனை எனக்குத் தெரியும். "கிழமையச் சொல்லுல." "என்ன கிழமக்கா?" "நீ டாக்டரப் பாக்க வாற கிழம." "புதன்." "எத்தன மணிக்கு?" "ஒம்போது." "எட்டரைக்கு வா, கூட்டமா இருக்கும். நானே வாசல்ல நிப்பேன்." போனை இவர் கையில் கொடுத்துவிட்டு, கட்டிலை விட்டு இறங்கினேன். தரை சில்லென்றிருந்தது. திரையை விலக்கி எட்டிப் பார்த்த புஷ்பம் சிஸ்டர், "இன்னும் கொஞ்சம் படுங்க டீச்சர்," என்றார். "படுத்தது போதும் சிஸ்டர். ஸ்கேன் எடுக்கிறது எந்த மாடியில?"